பார்க்காமல் இருக்க ஒரு பெட்டி

டி.வி. இனியும் பார்க்கத் தகுந்ததுதானா என்று கேட்டால் நம்மூரில் இரண்டு விதமான பதில்தான் கிடைக்கிறது. ஒரு சாரார், “எங்க வீட்ல டி.வி.யே போடறதில்லைங்க” என்பார்கள். சிகரெட்டை விட்டவர்கள்கூட அதை இவ்வளவு பெருமையாகச் சொல்வதில்லை. இன்னொரு சாரார் பதிலே சொல்ல மாட்டார்கள். சீரியல் ஓடுகிற நேரத்தில் கேள்வி கேட்டதற்காக ஒரு முறை முறைப்பார்கள், அவ்வளவுதான். முதல் கட்சிக்கு டி.வி. ஒரு வியாதி, இரண்டாம் கட்சிக்கு அது வேளாவேளைக்கு வேண்டிய மருந்து. ஆனால் இரண்டு கட்சிக்கும் பொதுவாக ஒரு நம்பிக்கை உண்டு: டி.வி. என்பது பார்ப்பதற்காக உள்ள பொருள். என் வழக்கு அந்த நம்பிக்கையின் மேல்தான். தமிழ் வீடுகளில் யாரும் டி.வி.யைப் பார்ப்பதில்லை, அந்தப் பழக்கம் நின்று ரொம்ப காலம் ஆகிறது. அது பாட்டுக்கு ஓடுகிறது, நாம் பாட்டுக்கு அதன் பக்கத்தில் குடித்தனம் நடத்துகிறோம். பார்க்கிற பொருள் என்று எடைபோட்டால் அது தேறாது. பார்க்காமல் இருப்பதற்கான பொருள் என்று எடைபோட்டால் அதற்கு ஈடு இணை கிடையாது. இதில் பாதிதான் விளையாட்டு; மீதிப் பாதிக்குச் சாட்சி இருக்கிறது.

முதலில், அந்தக் காலத்து டி.வி.யை நினைத்துப் பெருமூச்சு விடுகிறவர்களைச் சமாதானப்படுத்திவிடுவோம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. தெருவுக்கு ஒரு பெட்டி இருந்தால் அதுவே வசதியான தெரு. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிற்றுக்கிழமை மாலை தமிழ்ப்படம் என்ற இரண்டு வேளையும், பெட்டிக்குச் சொந்தக்காரர் தன் வீட்டுக் கூடத்தில் தனக்கே இடம் தேட வேண்டியிருந்தது. அன்றைக்கு ஜனங்கள் டி.வி.யைப் பார்த்தார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத மயிலாப்பூர்க்காரர்கள் ‘வயலும் வாழ்வும்’ பார்த்து, நெற்பயிருக்கு எந்தப் பட்டத்தில் என்ன உரம் இட வேண்டும் என்பதைத் தெரிந்துவைத்திருந்தார்கள். 1987-ல் ‘ராமாயணம்’ வந்தபோது, இந்தி தெரியாவிட்டாலும் கதை தெரியும் என்ற ஒரே பலத்தில் வாராவாரம் உட்கார்ந்தார்கள். ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்ற அட்டை வந்தால் அதையும் கண்கொட்டாமல் பார்த்தார்கள். இத்தனை பக்திக்கும் நிகழ்ச்சியின் தரம் காரணம் இல்லை. இருந்ததே ஒரு சேனல். அதுவும் நாள் முழுக்கக் கிடையாது. பஞ்ச காலத்தில் பசிக்குச் சாப்பிட்டதை, ருசிக்குச் சாப்பிட்டோம் என்று இன்றைக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

டி.வி. கெட்டுவிட்டது என்ற புலம்பலும் ஏறக்குறைய டி.வி. அளவுக்கே பழசு. லண்டனில் ஜான் லோகி பேர்டு தன் கருவியை விஞ்ஞானிகளுக்கு இயக்கிக் காட்டியது 1926 ஜனவரி 26-ல். அதற்கப்புறம் முப்பத்தைந்தே வருஷம். 1961 மே மாதம் அமெரிக்காவில் ஒளிபரப்பைக் கண்காணிக்கும் அரசு ஆணையத்தின் தலைவர் நியூட்டன் மினோ, ஒளிபரப்பாளர்கள் கூடியிருந்த சபையிலேயே எழுந்து நின்று, அவரவர் நிலையத்தைக் காலையில் திறந்ததிலிருந்து இரவு மூடும்வரை அப்படியே உட்கார்ந்து பார்க்கச் சொன்னார். கண்ணுக்கெட்டிய தூரம் பாழ்நிலம்தான் தெரியும் என்பது அவர் கட்சி. டி.வி.காரர்கள் சும்மா இருப்பார்களா? 1964-ல் வந்த ‘கில்லிகன்ஸ் ஐலண்ட்’ என்ற தொடரில், புயலில் சிக்கித் தீவில் தரைதட்டிப் போகிற படகுக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். மினோ சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவர் வைத்த பரீட்சை தப்பு. விடியலிலிருந்து நள்ளிரவு வரை கண்ணெடுக்காமல் பார்த்தால், கைலாசத்திலிருந்து நேரடி ஒளிபரப்பு என்றாலும் மூன்று மணி வாக்கில் கொட்டாவி வந்துவிடும். எந்தக் குடும்பமும் டி.வி.யை அப்படிப் பயன்படுத்துவதில்லை. அதன் முன்னால் உட்காருகிறவர்களைவிட அதன் குறுக்கே நடக்கிறவர்கள்தான் அதிகம்.

நம் ஊரில் இந்த மாற்றம் எப்போது வந்தது என்று தேதி போட்டே சொல்லலாம். 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டி.வி. தொடங்கியது. அதன் பின்னாலேயே ராஜ், விஜய், ஜெயா, கலைஞர் என்று வரிசை கட்டின. அரசியல் கட்சி என்றால் கொடி, சின்னம், தலைவர் ஆகியவற்றோடு ஒரு சேனலும் இருந்தாக வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. 2006 தேர்தலில் தி.மு.க. இலவச வண்ணத் தொலைக்காட்சி தருவதாகச் சொல்லி ஆட்சிக்கு வந்தது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. 2011-ல் அ.தி.மு.க. வந்து, அரசு கேபிளை மாதம் 70 ரூபாய்க்குக் கொடுத்தது. ஒரு கழகம் பெட்டியும் இன்னொரு கழகம் கம்பியும் கொடுத்து, இரண்டும் ஒற்றுமையாகச் செய்து முடித்த ஒரே காரியம் தமிழனை டி.வி. முன்னால் உட்காரவைத்ததுதான் என்று சொல்வார்கள். உண்மையில் அன்றைக்குத்தான் அவன் எழுந்து போக ஆரம்பித்தான். தன் வீட்டிலேயே இருக்கிறது, நாள் முழுக்க ஓடுகிறது என்று ஆன பிறகு, எதற்காகக் குத்தவைத்துப் பார்க்க வேண்டும்? எதிர்வீட்டுக் கூடம் காலியானது. அடுத்தபடியாக நம் வீட்டுக் கூடமும் காலியானது. பெட்டி மட்டும் நிற்கவில்லை.

இந்த நிலவரத்தை விமர்சகர்களுக்கு முன்னால் புரிந்துகொண்டவர்கள் சீரியல் எழுதுகிறவர்கள். சீரியலைத் திட்டுகிறவர்கள் யாரும் அதைச் சமையல்கட்டிலிருந்து அனுபவித்ததில்லை. அங்கிருந்து கேட்டுப் பாருங்கள். ஒரு காட்சிகூட நழுவாது. “வாங்க சம்பந்தி, உங்க பொண்ணு சுமதி, அதான் எங்க ரெண்டாவது மருமக, நேத்து கோவிச்சுக்கிட்டுப் போனாளே, வந்து சேர்ந்துட்டாளா?” உலகத்தில் எந்தச் சம்பந்தியம்மாளும் இப்படிப் பேசியதில்லை. எழுதியவருக்கும் அது தெரியும். கூடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடுகு தாளிக்கிற ஒருவருக்காக அவர் அந்த வசனத்தை எழுதியிருக்கிறார். வில்லி தனியாக நின்று தன் சதித்திட்டத்தை வரிசைக்கிரமமாக வாய்விட்டுச் சொல்வதை அபத்தம் என்கிறார்கள். அவள் மனசுக்குள் நினைத்துக்கொண்டால் வெங்காயம் நறுக்குகிறவருக்கு எப்படித் தெரியும்? அதிர்ச்சியான சேதி வந்தால் ஒரு இடி இடிக்கிறது. கூட்டுக்குடும்பத்தில் உள்ள அத்தனை முகத்துக்கும் தலா மூன்று தடவை கேமரா பாய்ந்து பாய்ந்து போகிறது. கண்ணால் பார்க்கிறவருக்கு அது சித்திரவதை. காதால் கேட்கிறவருக்கோ அது கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து சேரக் கொடுக்கப்படும் அவகாசம். இடிச் சத்தத்துக்கு அடுப்பை சிம்மில் வைத்துவிட்டுப் புறப்பட்டால், மாமனார் முகம் முடிந்து நாத்தனார் முகத்துக்குக் கேமரா வருவதற்குள் நிதானமாக வந்துவிடலாம். இவ்வளவு கரிசனத்தோடு ரசிகரின் நடை தூரத்தைக் கணக்குப் பண்ணிய கலை வேறு எதுவும் இல்லை.

நாள் கணக்கில் பார்க்காமல் விட்டாலும் இதே கரிசனம்தான். ‘கோலங்கள்’ 2003 முதல் 2009 வரை ஆயிரத்து ஐந்நூறு எபிசோடுகளுக்கு மேல் ஓடியது. நடுவில் ஒருவர் ஒப்பந்தத்தில் துபாய் போய் இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்திருந்தால், “இப்ப என்ன ஆச்சு?” என்று ஒரு கேள்வி கேட்டாலே போதும், காபி ஆறுவதற்குள் கதையில் சேர்ந்துகொண்டிருப்பார். ஆஸ்பத்திரியில் டாக்டர், இருபத்துநாலு மணி நேரம் கழித்துத்தான் எதுவும் சொல்ல முடியும் என்று சொன்னால் நமக்கு ஒரு வாரம் விடுமுறை. இரண்டு சீரியல் குடும்பங்கள் ஒரே கல்யாண மண்டபத்தில் சந்திக்கும் ‘மகாசங்கமம்’ என்ற அற்புதத்தில், எந்த வீட்டு மாமியார் எந்த வீட்டு மருமகளைத் திட்டுகிறார் என்று தெரியாமலே ஒரு மணி நேரம் ரசிக்கலாம். எல்லாவற்றுக்கும் சிகரம், ‘இவருக்குப் பதில் இவர்’ என்று திரையில் ஓடுகிற அந்த ஒற்றை வரி. நேற்றுவரை ஒரு முகத்தோடு இருந்த புருஷன் இன்றைக்கு வேறு முகத்தோடு வந்து காபி கேட்கிறான். பெண்டாட்டிக்கே அது உறுத்துவதில்லை. சினிமாவில் இடைவேளைக்குப் பிறகு கதாநாயகன் இப்படி மாறினால் கொட்டகையில் நாற்காலி மிஞ்சாது. சீரியலில் மட்டும் எப்படிச் செல்லுபடியாகிறது? யாரும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

இதற்கும் மசியாதவர்களுக்குத் தொழில்துறையின் சாட்சியத்தையே முன்வைக்கிறேன். எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று 2015 முதல் வாராவாரம் கணக்குச் சொல்கிற ‘பார்க்’ என்ற அமைப்பு, மாதிரிக்காகத் தேர்ந்தெடுத்த வீடுகளில் மீட்டர் பொருத்தியிருக்கிறது. ஒவ்வொரு சேனலும் தன் ஒலியோடு, மனிதக் காதுக்குக் கேட்காத ஒரு அடையாளக் குறியைக் கலந்து அனுப்புகிறது. மீட்டர் அந்த ஒலிக்குறியைப் பிடித்து, ஓடுவது எந்தச் சேனல் என்று குறித்துக்கொள்கிறது. வீட்டு மனிதர்கள் அவரவர்க்கு உரிய பொத்தானை அழுத்தித் தாங்கள் ஆஜர் என்று தெரிவிக்க வேண்டும். கண் எங்கே இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. கோடி கோடியாக விளம்பரப் பணம் கைமாறுவது, பெட்டியின் சத்தத்தைக் கேட்டு எழுதிய இந்தக் கணக்கை நம்பித்தான். 2020 அக்டோபரில் மும்பை போலீஸ் வெளியிட்ட டி.ஆர்.பி. மோசடிக் குற்றச்சாட்டு இன்னும் ரசமானது. மீட்டர் உள்ள வீடுகளுக்கு மாதாமாதம் பணம் கொடுத்து, குறிப்பிட்ட சேனலை ஓடவிடச் சொன்னார்களாம். இங்கிலீஷ் தெரியாத வீடுகளில்கூட இங்கிலீஷ் சேனல் ஓடியதாம். அதைத் தொடர்ந்து செய்திச் சேனல்களின் தரவரிசையை நிறுத்திவைத்தார்கள். 2022 மார்ச்சில்தான் அது திரும்ப வந்தது. அந்த வழக்கை 2024-ல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள், அது போகட்டும். நமக்கு வேண்டியது ஒன்றுதான்: லஞ்சம் கொடுக்கிறவன்கூட, தயவுசெய்து பாருங்கள் என்று கேட்கவில்லை. ஓடட்டும், போதும் என்றுதான் கேட்டிருக்கிறான்.

விளம்பரங்கள் தொல்லை இல்லையா என்று கேட்பார்கள். பார்க்கிறவருக்குத் தொல்லைதான். மணிக்கு 12 நிமிஷம் வரை விளம்பரம் போடலாம் என்பது விதி. பொருள் விற்க பத்து நிமிஷம், சேனல் தன் பெருமையைத் தானே பாட இரண்டு நிமிஷம். பார்க்காதவருக்கு அந்தப் பன்னிரண்டு நிமிஷம்தான் வீட்டின் கடிகாரம். குக்கரை இறக்குவது, மாடியில் துணி எடுப்பது, பிள்ளையின் கணக்கு நோட்டைப் பார்த்து அதிர்ச்சி அடைவது எல்லாம் அந்த இடைவெளியில்தான் நடக்கின்றன. பண்டிகை நாளில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். ‘இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக, திரைக்கு வந்து சில மாதங்களே ஆன’ என்று கட்டியம் கூறி வருகிற படம், கொட்டகையில் இரண்டரை மணி நேரம் ஓடியது, வீட்டில் அதிரசம் சுட்டு ஆறவைத்து டப்பாவில் அடைக்கும்வரை ஓடுகிறது. சாலமன் பாப்பையாவின் பட்டிமன்றத்தில் குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா என்று இரண்டு அணியும் மல்லுக்கட்டும்போது, அந்த வீட்டுக் கணவன் தூங்கிக்கொண்டிருக்கிறார், மனைவி மிக்ஸியில் சட்னி அரைக்கிறார். தீர்ப்பு என்ன என்று இருவருக்கும் தெரியாது. ஆனால் பட்டிமன்றம் ஓடாவிட்டால் அது தீபாவளி மாதிரியே இருக்காது.

இப்போது எதிர்த்தரப்புக்கு வருவோம். ஓ.டி.டி. இருக்கிறது, கையில் போன் இருக்கிறது, உலகத்தின் மிக நல்ல தொடர்கள் எல்லாம் அதில் கிடைக்கின்றன என்கிறார்கள். கிடைக்கட்டும். அவற்றின் குறையே அவை நன்றாக இருப்பதுதான். நன்றாக இருப்பதைப் பார்த்தாக வேண்டும். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கொரியத் தொடர் பார்க்க முடியாது. ஒன்று சப்டைட்டில் போகும், இல்லையென்றால் விரல் போகும். துப்பறியும் தொடரில் ஒரு கொலையைத் தவறவிட்டுக் குழம்பை இறக்கப் போனால், செத்தது யார் என்பதே அடுத்த நாலு எபிசோடுக்கும் பிடிபடாது. என்ன பார்ப்பது என்று தேடுவதற்குள் சாப்பாடு முடிந்து, கை காய்ந்து, தூக்கம் வந்துவிடுகிறது. தூங்கவாவது விடுகிறார்களா என்றால், தங்களுக்குப் போட்டி தூக்கம்தான் என்று நெட்ஃபிளிக்ஸின் அன்றைய தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் 2017-ல் வெளிப்படையாகவே சொன்னார். ஒரு எபிசோடு முடிந்த மறு விநாடியே அடுத்தது தானாகத் தொடங்குகிறது. நிறுத்துகிற பொறுப்பு நம்முடையது, அதுவும் இரவு ஒரு மணிக்கு. போனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது நம்மைப் பார்க்கவைத்துவிட்டு, எவ்வளவு நேரம் பார்த்தோம் என்று எண்ணிக்கொண்டும் இருக்கிறது.

சீரியல் அப்படியா செய்கிறது? தாலி கட்டப் போகிற நேரத்தில் “நிறுத்துங்க!” என்று ஒரு குரல் வாசலிலிருந்து கேட்கும், குரல் யாருடையது என்று தெரிவதற்கு முன்னால் ‘தொடரும்’ போட்டுவிடுவார்கள். எவ்வளவு கெஞ்சினாலும் நாளைக்கு ஏழரை மணிக்குத்தான். சனிக்கிழமை என்றால் பல சீரியல்களுக்குத் திங்கட்கிழமை வரை பொறுக்க வேண்டும். இன்றைக்கு இவ்வளவு போதும், போய்ப் படு என்று சொல்ல இந்தக் காலத்தில் நமக்கு வேறு யார் இருக்கிறார்கள்? இன்னொரு சௌகரியமும் உண்டு. டி.வி.யில் மோசமான படம் ஓடினால் குற்றம் சேனலுடையது. எல்லாரும் சேர்ந்து சேனலைத் திட்டலாம், குடும்பத்தில் ஒற்றுமை வளரும். ஓ.டி.டி.யில் மோசமான படம் ஓடினால் அதைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்ற விசாரணை தொடங்கும். நாற்பது நிமிஷம் தேடி, அதற்கு அப்புறமும் இதைத்தான் கண்டுபிடித்தாயா என்ற கேள்விக்கு எந்தக் குடும்பத் தலைவரிடமும் பதில் கிடையாது.

இனி, விளையாட்டாகத் தட்டிவிட முடியாத ஆட்சேபம் ஒன்று. கண் பார்க்காவிட்டாலும் காது கேட்கிறதே, காதில் விழுவது என்ன? பாலில் விஷம், கன்னத்தில் அறை, தாலியைக் காட்டி மிரட்டல். வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிறவள் திமிர் பிடித்தவள். எத்தனை அடித்தாலும் அழுதுகொண்டே விளக்கேற்றுகிறவள் உத்தமி. இது வருஷக்கணக்காகக் காதில் விழுந்தால் மனசில் படியாதா என்றால், படியும். விளம்பரப் பாட்டு நாம் கவனிக்காதபோதுதான் மூளைக்குள் போய் உட்கார்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்; பாட்டுக்கு உள்ள வழி பழமொழிக்கும் உண்டு. ஆனால் தமிழ் வீட்டில் டி.வி. மட்டும் பேசுவதில்லை, வீடும் டி.வி.யோடு பேசுகிறது. ‘எதிர்நீச்சல்’ தொடரில் மாரிமுத்து நடித்த ஆதி குணசேகரன், பெண்களை அடக்கி ஆள்வதையே தொழிலாக வைத்திருந்த குடும்பத் தலைவர். அந்த அதட்டலுக்கு நாடு நடுங்கியிருக்க வேண்டும். மாறாக அதை மீம் போட்டுச் சிரித்துத் தீர்த்தது. 2023 செப்டம்பரில் மாரிமுத்து மறைந்து அவர் இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தபோது, ஜனங்கள் முகத்தைவிட அந்தக் குரலைத்தான் அதிகம் தேடினார்கள் என்பது என் கட்சி. சொந்த மாமியாரைப் பற்றி வாய் திறக்க முடியாத மருமகள், திரையில் வரும் மாமியாரைப் பற்றிச் சொந்த மாமியாரிடமே மனம்விட்டுப் பேசலாம். இருவரும் சேர்ந்தே திட்டலாம். அரைக்கவனமும் முழு வாயும் இருக்கிற வீட்டில் சீரியல் பெரிய கெடுதல் செய்யாது. திருப்பிப் பேசத் தெரியாத குழந்தைகள் இருக்கிற வீட்டில் செய்யும். அங்கே ரிமோட்டில் உள்ள சிவப்புப் பொத்தான்தான் சரியான பதில். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

என் கொள்கை முழுசாகத் தோற்கிற இடமும் ஒன்று உண்டு: செய்திச் சேனல். பார்க்காமல் ஓடவிட முடியாத ஒரே சரக்கு அதுதான். இரவு விவாதத்தில் திரையில் ஆறு கட்டம், ஆறு கட்டத்திலும் வாய், ஆறு வாயும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்க வேண்டும் என்று மன்றாடுகிற நெறியாளரின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்கும். சமையல்கட்டில் இருப்பவருக்கு விஷயம் எதுவும் புரியாது. ரத்தக் கொதிப்பு மட்டும் ஏறும். அமைச்சர் காரிலிருந்து இறங்கினாலும் ‘பிரேக்கிங் நியூஸ்’, ஏறினாலும் ‘பிரேக்கிங் நியூஸ்’. இரண்டுக்கும் ஒரே முரசு. சீரியலில் இடி இடித்தால் ஒரு குடும்பத்துக்குத்தான் ஆபத்து என்று நிம்மதியாக இருக்கலாம். இங்கே இடித்தால் நாட்டுக்கே ஏதோ ஆகிவிட்டது என்று ஓடி வந்து பார்க்க, போன வாரத்து விஷயமாக இருக்கும். ஆகவே செய்தியை உட்கார்ந்து பார்ப்பதென்றால் பாருங்கள், இல்லையென்றால் அணைத்துவிடுங்கள். பின்னணியில் ஓடவிடக் கூடாது.

உண்மையாகவே உட்கார்ந்து பார்க்க வேண்டிய நாட்களும் இல்லாமல் இல்லை. 2011 ஏப்ரல் 2-ல் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் தோனி அடித்த அந்தக் கடைசி சிக்ஸர், 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 நிலாவில் இறங்கிய அந்த நிமிஷங்கள், ஒவ்வொரு தேர்தலிலும் வாக்கு எண்ணும் நாள். வானிலை மையத்தில் எஸ்.ஆர். ரமணன் இருந்த காலத்தில் மழை நாட்களையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்தைப் பற்றி அவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் எந்த வாத்தியாரிடமும் காட்டாத கவனத்தோடு கேட்டார்கள். இதெல்லாம் போனிலேயே நேரலையாக வருகிறதே என்பார்கள். வருகிறது, சில விநாடி தாமதமாக. பக்கத்து வீட்டு டி.வி.யில் விக்கெட் விழுந்து, அவர்கள் கத்தி முடித்து, பெருமூச்சும் விட்ட பிறகு நம் போனில் பந்துவீச்சாளர் ஓடிவரத் தொடங்குவார். நடந்து முடிந்ததை நேரலையாகப் பார்க்கும் அனுபவம் போனில் மட்டும்தான் கிடைக்கும். எல்லாரும் ஒரே விநாடியில் ஒரே விஷயத்துக்குக் கத்துவதற்கு டி.வி.யை விட்டால் வேறு கதியில்லை. ஆனால் இப்படிப்பட்ட நாட்கள் வருஷத்துக்குச் சில தேறினால் அதிகம். அவற்றுக்காக மட்டும் ஒரு பெட்டியை வீட்டில் வைத்துக் கும்பிட முடியாது.

காதுக்குத்தான் வேண்டும் என்றால் ரேடியோ போதுமே என்று கெட்டிக்காரர் ஒருவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். ரேடியோவிடம் ஒன்று மட்டும் இல்லை: அது இருக்கிற பக்கம் யாரும் திரும்பி உட்கார வேண்டியதில்லை. அப்பாவும் பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்தபடி பேச ஒன்றுமில்லாமல் உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் மார்க் ஷீட்டோ கல்யாணப் பேச்சோ வந்தே தீரும். டி.வி. ஓடினால் இருவரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல், சேர்ந்து இருந்ததாகக் கணக்குக் காட்டலாம். அவரவர் அறையில் அவரவர் போனோடு இருந்தால் அந்தக் கணக்கு வராது. ரிமோட்டுக்கு அடித்துக்கொள்ளவும் ஆள் கிடைக்காது. பிள்ளைகள் பெங்களூரிலும் நியூஜெர்சியிலும் இருக்க, தனியாக வீட்டைக் காக்கிற பெரியவர்களுக்கோ இது கணக்குக் காட்டுகிற விஷயம்கூட இல்லை. அவர்கள்தான் டி.வி.யைக் கண்ணாலும் பார்க்கிறார்கள், என் வாதத்துக்கு அது விதிவிலக்கு என்று ஒப்புக்கொள்கிறேன். பேரப் பிள்ளையின் பள்ளிக்கூடப் பெயர் ஞாபகம் இல்லாதவர்களுக்கு, சீரியல் குடும்பத்தின் மூன்றாவது மருமகளின் தங்கை பெயர் ஞாபகம் இருக்கிறது என்று அவர்களைக் கேலி செய்கிறோம். அந்தத் தங்கை தினமும் ஏழரை மணிக்குத் தவறாமல் வருகிறாள். பேரப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் இரண்டு நிமிஷம் தலையைக் காட்டுகிறது. பிறகு யார் பெயர் நினைவில் நிற்கும்?

ஆகவே, டி.வி. பார்க்கத் தகுந்ததா என்றால், வருஷத்தில் சில நாட்கள் தகுந்தது; மற்ற நாட்களில் ஓடவிடத் தகுந்தது. எந்த நிகழ்ச்சி நல்ல நிகழ்ச்சி என்று கண்டுபிடிக்க எளிய பரீட்சை ஒன்று உண்டு. நடுவில் எழுந்து போய்ப் பத்து நிமிஷம் வேறு வேலை பார்த்துவிட்டு வாருங்கள். கதை புரிந்தால் அது தரமான டி.வி.; தாராளமாக ஓடட்டும். புரியவில்லை என்றால் அது கலை. அதை அணைத்துவிட்டு, நேரம் இருக்கிற நாளில் ஓ.டி.டி.யில் ஒழுங்காக உட்கார்ந்து பாருங்கள். எழுந்து போகும்போதே நிம்மதியாக இருந்தால் அது செய்தி விவாதம்; திரும்பி வர வேண்டாம். செலவும் பிரமாதம் இல்லை. 2019-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த கட்டண முறையில் நூறு சேனலுக்கு அடிப்படைக் கட்டணம் வரி நீங்கலாக 130 ரூபாய் என்று வைத்தார்கள். இத்தனை சேனல்களைப் பார்க்காமல் இருப்பதற்கு அது கொள்ளை மலிவு. புதிதாகப் பெட்டி வாங்கப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. 55 அங்குலம், 65 அங்குலம் என்று கடைக்காரர் ஆசை காட்டுவார், மயங்க வேண்டாம். பார்க்காமல் இருக்க 32 அங்குலம் தாராளம். ஸ்பீக்கர் மட்டும் நல்லதாகப் பார்த்து வாங்குங்கள்; சமையல்கட்டு வரை கேட்க வேண்டும்.